‘பேப்பர் இருக்கு சார்...’ நாய்க்குட்டி வாங்கும்போது எந்த பேப்பரைக் கேட்க வேண்டும்?

“லேப் பப்பீஸ் ரெடி. 40 நாள் குட்டி. கே.சி.ஐ. பேப்பரோட ஒரு ரேட், பேப்பர் இல்லாம ஒரு ரேட். பொழிச்சலூர், பம்மல், பல்லாவரம் டோர் டெலிவரி உண்டு.”

தென்சென்னைப் புறநகரில் ஏதாவது ஓர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் புதிதல்ல. கூடவே ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் தூங்கி வழியும் நாலைந்து குட்டிகளின் படம் இருக்கும். பார்த்தவுடன் ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த மூன்று வரிக்குள் ஒரு விதிமீறல் இருக்கிறது. ஓர் ஏமாற்றுக்கான வழியும் இருக்கிறது.

விதிமீறல், அந்த 40 நாள். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருக்கும் இந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. முதல் தடுப்பூசி போடுவதும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான். 40 நாளில் கைமாற்றிவிட்டால் விற்பவருக்குத் தீவனச் செலவு மிச்சம். பார்வோ வந்தால் அந்தத் தலைவலியும் வாங்கியவருடையது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த குட்டி அடுத்த ஞாயிறுக்குள் வாந்தி, ரத்தப்போக்கு என்று படுத்துவிடும் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த அவசரம்தான் இருக்கும்.

ஏமாற்றுக்கான வழி அந்த ‘ரெண்டு ரேட்’டில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ‘பேப்பர்’ என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

நாய்க்கும் ஒரு தாய்ப் பத்திரம்

பொழிச்சலூரில் அரை கிரவுண்டு மனை வாங்கப் போகிறவர், தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். இன்றைய உரிமையாளருக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகும் அந்தச் சங்கிலிதான் சொத்தின் நம்பகத்தன்மை. நாயின் பெடிகிரி சான்றிதழும் அதே வேலையைத்தான் செய்கிறது. குட்டியின் அப்பா, அம்மா, தாத்தா பாட்டிகள், அவர்களுடைய பெற்றோர் என மூன்று தலைமுறைப் பெயர்களும் பதிவு எண்களும் அதில் இருக்கும். ‘பெடிகிரி’ என்ற சொல்லே கொக்கின் பாதம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. வம்சாவளிப் படத்தில் கிளை பிரியும் கோடுகள் கொக்கின் கால் தடம் போல இருந்ததால் அந்தப் பெயர். இங்கே பலருக்கு அது நாய் பிஸ்கட் பாக்கெட்டின் பெயராக மட்டுமே தெரியும் என்பது வேறு விஷயம்.

இப்படி நாய்களுக்குப் பதிவேடு வைக்கும் வழக்கத்தை அமைப்பாக்கியது பிரிட்டனின் கென்னல் கிளப். அது 1873-ல் தொடங்கப்பட்டது. 1911-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து எஃப்.சி.ஐ. என்ற சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கின (ரேஷன் அரிசி எஃப்.சி.ஐ. வேறு). இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, சுருக்கமாக கே.சி.ஐ. காஷ்மீரில் பிறந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் கேரளத்தில் பிறந்த லேபரடாருக்கும் சான்றிதழ் கொடுக்கும் இந்த அமைப்பின் அலுவலகம் இருப்பது சென்னை அண்ணா நகரில். பொழிச்சலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பெயரில் ‘இந்தியா’ இருப்பதால் இதை அரசு அலுவலகம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது அரசு அமைப்பு அல்ல. நாய் வளர்ப்பவர்களின் கிளப்களைச் சேர்த்து இயங்கும் சங்கம்.

பதிவு நடக்கும் விதம் சிக்கலானதல்ல. அப்பா நாய், அம்மா நாய் இரண்டும் ஏற்கெனவே கே.சி.ஐ.யில் பதிவாகியிருக்க வேண்டும். குட்டிகள் பிறந்ததும் பெட்டை நாயின் உரிமையாளர், அதாவது பிரீடர், அந்த ஈற்றில் பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை, பால், நிறம், பிறந்த தேதி எல்லாவற்றையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஆண் நாயின் உரிமையாளரும், இணை சேர்ந்தது உண்மைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் மைக்ரோசிப் பொருத்தி அந்த எண்ணையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு குட்டியை வாங்குபவர் பெயருக்கு உரிமை மாற்றம். வண்டி வாங்கினால் ஆர்.சி.யில் பெயர் மாற்றுகிறோமே, அது மாதிரி. பெயர் மாற்றாத சான்றிதழை வைத்துக்கொண்டிருப்பவர் நாயை வளர்ப்பவர்தான். பதிவேட்டின் கணக்கில் உரிமையாளர் இன்னமும் விற்றவரே.

இப்போது அந்த ‘ரெண்டு ரேட்’ விவகாரத்துக்கு வருவோம். பதிவு ஒரு ஈற்றுக்கு மொத்தமாக நடப்பது. அதற்கான கட்டணம் ஒரு குட்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். அப்பா அம்மா இரண்டும் நிஜமாகவே பதிவான நாய்கள் என்றால், ஒரே கூடையில் இருக்கும் குட்டிகளில் இதற்கு பேப்பர் உண்டு, அதற்குக் கிடையாது என்று பிரித்து, விலையில் பெரிய வித்தியாசம் வைப்பதற்குக் காரணமே இல்லை. அப்படி வைக்கிறார் என்றால் சில சாத்தியங்கள்தான். ‘பேப்பர்’ என்ற பெயரில் கூடுதல் லாபம் பார்க்கிறார். அல்லது, பதிவான குட்டிகளைவிட அதிகமான குட்டிகள் கையில் இருக்கின்றன. அல்லது, வேறு ஏதோ நாய்களின் சான்றிதழில் இந்தக் குட்டிகளைக் கணக்குக் காட்டப் போகிறார். மூன்றில் எதுவாக இருந்தாலும் அவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

நாலு பேப்பர், நாலு ஆபீஸ்

‘பேப்பர் இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டு, ஒரு கால்நடை மருத்துவமனையின் தடுப்பூசி அட்டையை நீட்டும் விற்பனையாளர்கள் உண்டு. முதன்முறையாக நாய் வாங்கும் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தடுப்பூசி அட்டை முக்கியம்தான். அதில் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, டாக்டரின் பதிவு எண்ணோடு கையெழுத்து இருக்க வேண்டும். ஆனால் அது நாயின் ஆரோக்கியப் பதிவு. இனத்தைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. அட்டையில் ‘பிரீட்: கோல்டன் ரெட்ரீவர்’ என்று எழுதியிருப்பது விற்றவர் சொன்னதைக் கேட்டு டாக்டரோ உதவியாளரோ எழுதியது, அவ்வளவுதான்.

பெடிகிரி சான்றிதழ் வம்சாவளிப் பதிவு. அதைக் கேட்பவர்கள்கூட கேட்க மறக்கும் மூன்றாவது காகிதம் ஒன்று உண்டு. அதுதான் சட்டப்படி மிக முக்கியமானது. அது பிரீடரின் பதிவுச் சான்று. 2017 விதிகளின்படி நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கும் யாராக இருந்தாலும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். இரண்டு ஆண்டு செல்லும். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும். இடைத்தரகரும் வியாபாரியும்கூட இந்த விதியின் பார்வையில் பிரீடர்தான். “நான் பிரீடர் இல்ல சார், ஃப்ரெண்டோட குட்டியை வித்துத் தர்றேன்” என்ற சமாளிப்பு அதனால் எடுபடாது. கே.சி.ஐ.யில் கென்னல் பெயர் பதிவு செய்திருப்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னது ஒரு சங்கத்தின் அங்கீகாரம், பின்னது அரசின் அனுமதி.

நான்காவது, வாங்கியவர் எடுக்க வேண்டிய செல்லப்பிராணி உரிமம். இங்கேதான் பொழிச்சலூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பின்கோடு சென்னை 600 என்றுதான் தொடங்குகிறது. விமானம் தலைக்கு மேலே இறங்குகிறது. ஸ்விக்கி, ஜொமாட்டோவுக்கு இது சென்னை. ஆனால் சென்னை மாநகராட்சியின் 50 ரூபாய் ஆன்லைன் உரிமம் அந்த மாநகராட்சியின் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 2021-ல் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் பொழிச்சலூர் அதில் சேரவில்லை. பரங்கிமலை ஒன்றியத்தின் கீழ் ஊராட்சியாகவே நின்றது. ஆகவே தெருவின் இந்தப் பக்கத்து நாய்க்கும் அந்தப் பக்கத்து நாய்க்கும் வேறு வேறு அலுவலகம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய பிறகு, சென்னையில் உரிமம், மைக்ரோசிப் என்று நடவடிக்கைகள் சூடுபிடித்தன. அந்தச் சூடு எல்லைக் கல்லோடு நின்றுவிடக் கூடாது. நாய்க்கு வார்டு எண் தெரியாது.

மைக்ரோசிப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி அளவுள்ள அந்தச் சிப்பை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். நாய் தொலைந்துபோனால் மொபைலில் இடம் காட்டும் என்று சிலர் நம்புகிறார்கள். காட்டாது, அதற்கு ஜி.பி.எஸ். பட்டை வேறு. ஆனால் ஒரு வேலையைச் சிப் கச்சிதமாகச் செய்யும். காகிதத்தில் இருக்கும் நாயும் கையில் இருக்கும் நாயும் ஒன்றுதானா என்று காட்டிக்கொடுக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் போய், பணம் முழுவதையும் கொடுக்கும் முன் எண்ணைப் படித்துப் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிட்டால் போதும். பாதி மோசடிகள் அங்கேயே முடிந்துவிடும்.

“ஷோவுக்கா அனுப்பப் போறோம்?”

பேப்பர் எதற்கு என்று கேட்பவர்களின் வாதம் எளிமையானது. வீட்டில் சும்மா வளர்க்கத்தானே. டாக் ஷோவுக்கு அனுப்பப் போவதில்லை. குட்டி போட்டு விற்கப் போவதும் இல்லை. பேப்பர் இல்லாமல் வாங்கினால் காசு மிச்சம். பார்க்க லேப் மாதிரிதானே இருக்கிறது?

நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் புறநகரின் மொட்டை மாடி ‘கென்னல்’களுக்குச் சோறு போடுகிறது.

காரணம் இதுதான். 2017 விதிகள் பெட்டை நாய்க்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. 18 மாதம் நிறையும் முன் இணை சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் குட்டி எடுக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடவே கூடாது. இதையெல்லாம் யார், எப்படிக் கண்காணிப்பது? ஒவ்வொரு ஈற்றும் தாயின் பெயரில் ஒரு பதிவேட்டில் ஏறினால் மட்டுமே கணக்கு தெரியும். இந்தத் தாய் போன வருஷம் எப்போது ஈன்றது, இது எத்தனையாவது ஈற்று என்பதெல்லாம் காகிதத்தில் நிற்கும். ‘பேப்பர் இல்லாத’ குட்டியின் தாய் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் ஒரு பெட்டையை, ஒவ்வொரு பருவத்திலும் ஈன வைத்து, உடம்பு ஓய்ந்ததும் இரவோடு இரவாக வெளிவட்டச் சாலை ஓரத்தில் இறக்கிவிட்டால்கூடக் கேட்க நாதியில்லை. கழுத்துப்பட்டைத் தழும்போடும் தொங்கிப்போன மடியோடும் தெருவில் திரியும் ‘ஃபாரின் நாய்’ எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் கிடைக்கும். அந்த மிச்சமான காசு அந்தத் தாயின் கணக்கிலிருந்து வந்தது.

காசு மிச்சம் என்பதும் சந்தேகமே. பேப்பர் இல்லாத விற்பனையில் ரசீதும் இருக்காது. ஜி-பே பரிவர்த்தனைக் குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்று மட்டும் இருக்கும். குட்டி ஒரு வாரத்தில் இறந்தாலோ, ஆறு மாதத்தில் லேபரடார் வேறு ஏதோவாக வளர்ந்து நின்றாலோ, செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. விற்றவர் பெயர், முகவரி, குட்டியின் இனம், பிறந்த தேதி, சிப் எண், விலை ஆகியவற்றோடு ஒரு ரசீது இருந்தால் நிலைமை வேறு. ‘பேப்பர் பின்னாடி கூரியர்ல வரும்’ என்பதை எழுத்தில் வாங்கியவருக்குக்கூட ஒரு பிடி உண்டு. வாய்ப்பேச்சாக வாங்கியவருக்குக் கிடையாது.

விளம்பர மொழியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. ‘டபுள் போன்’, ‘ஹெவி ஹெட்’, ‘பஞ்ச் ஃபேஸ்’, ‘இம்போர்ட் லைன்’ என்பதெல்லாம் விற்பவர்கள் உருவாக்கிய சொற்கள். எந்த நாய்க்கும் எலும்பு டபுளாக இருப்பதில்லை. வணிகரீதியான இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு 2016-லிருந்தே தடை இருக்கிறது. ‘இம்போர்ட் லைன்’ என்பவரிடம் எந்தத் தலைமுறையில் எந்த நாய் இறக்குமதி என்று சான்றிதழில் விரல் வைத்துக் காட்டச் சொல்லலாம். தமிழ் வீடுகளில் தலைமுறையாக ‘பாமரேனியன்’ என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அருமையான நாய்தான், ஆனால் பாமரேனியன் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ‘பிட்புல், எஃப்.சி.ஐ. பேப்பரோட’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம், எஃப்.சி.ஐ.யின் இனப் பட்டியலில் அமெரிக்கன் பிட்புல் டெரியர் கிடையாது.

நாட்டில் கே.சி.ஐ. மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு சான்றிதழ் அச்சடிக்கும் சங்கங்களும் உண்டு. தங்க நிற ஓரம், ஹாலோகிராம், சிங்க முத்திரை எல்லாம் பிரமாதமாக இருக்கும். அந்தக் காகிதத்துக்கு அந்தச் சங்கத்துக்கு வெளியே என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி. சான்றிதழில் இருக்கும் பதிவு எண்ணைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்க்கும் வேலைக்கு ஒரு போன் அல்லது ஒரு மெயில் போதும். அதற்கு விற்பவர் கோபித்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பேப்பர் சொல்லாதவை

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொரு உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெடிகிரி சான்றிதழ் ஆரோக்கியச் சான்றிதழ் அல்ல. தாய்ப் பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்பதால் கட்டடம் ஒழுகாது என்று அர்த்தமில்லையே.

பதிவேட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதால் சில இனங்களில் பரம்பரை நோய்கள் குவிந்துவிட்டன. 2008-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ என்ற ஆவணப்படம் இதைப் போட்டு உடைத்தது. மூச்சுவிடத் திணறும், நேராக நடக்க முடியாத நாய்கள் ஷோக்களில் பரிசு வாங்குவதைப் பார்த்து பிரிட்டன் அதிர்ந்தது. அடுத்த ஆண்டே, உலகப் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் ஒளிபரப்பை பி.பி.சி. கைவிட்டது. தாய்க்கும் மகனுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் இடையே பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று பிரிட்டன் கென்னல் கிளப் 2009-ல் முடிவெடுத்தது. அதற்கு முன்புவரை அது பதிவாகிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இதையும் காகிதம் இருந்தால்தான் கண்டுபிடிக்கவே முடியும். மூன்று தலைமுறைச் சான்றிதழில் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க மரபியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரே தாத்தா இரண்டு பக்கமும் இருந்தால் கேள்வி கேட்கலாம். உடன்பிறந்த இரண்டை இணை சேர்த்தால் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு, இரு பக்கத்திலிருந்தும் ஒரே மூலத்தின் நகலாக வந்துவிடும். மறைந்திருக்கும் கோளாறுகள் வெளியே வர அது போதும். பேப்பர் இல்லாத மொட்டை மாடியில், நாலு நாய்களை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குட்டி எடுப்பவரிடம் அண்ணன் தங்கை கணக்கை யார் பார்க்கிறார்கள்?

லேபரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளர் இங்கே அபூர்வம். கேட்க ஆரம்பித்தால் எடுக்க ஆரம்பிப்பார்கள். பக் இனத்தின் கதை இன்னும் எளிது. ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய அந்த நாய் நாட்டில் பக் மோகத்தையே கிளப்பிவிட்டது. தட்டை மூக்கோடு பிறந்த அதற்குச் சென்னையின் மே மாதம் எப்படி இருக்கும் என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை. எந்தச் சான்றிதழும் சொல்லாது.

ராஜபாளையத்துக்கு யார் சாட்சி?

வெளிநாட்டு இனங்களின் வம்சாவளியை மூன்று தலைமுறைக்கு ஒப்பிக்கும் ஊரில், நம்முடைய நாய்களுக்குக் காகிதம் இருக்கிறதா? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பதிவேடு நெடுங்காலம் வளர்த்தவர்களின் ஞாபகத்தில்தான் இருந்தது. ‘இது இன்னார் வீட்டுப் பெட்டைக்கும் இன்னார் தோட்டத்துக் கடுவனுக்கும் பிறந்தது’ என்று தென்மாவட்டங்களில் பெரியவர்கள் சொல்வது ஒரு வாய்மொழிப் பெடிகிரி. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் போனபிறகு அதுவும் போய்விடும். நாய் பொழிச்சலூருக்கு வந்து சேர்வதற்குள் நாலு தரகர் கை மாறியிருக்கும். சாட்சி சொல்ல யாரும் இல்லை.

அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றையும் நாட்டு இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மனதின் குரல் நிகழ்ச்சியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னதும் தேவை கூடியது. தேவை கூடினால் போலியும் கூடும். ஒல்லியாக நீளமாக இருக்கும் எதையும் ‘சிப்பிப்பாறை’ என்று விற்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை வரைக்கும் வந்துவிட்டால் ஆச்சரியமில்லை. ‘இனம்’ பதிவாவதும் ‘நாய்’ பதிவாவதும் வேறு வேறு. கர்னால் பதிவு இப்படி ஓர் இனம் இருக்கிறது என்று சொல்கிறது. கையில் இருக்கும் குட்டி அந்த இனம்தானா என்பதற்கு அது சாட்சி இல்லை.

கே.சி.ஐ. நம் இனங்களைப் பதிவு செய்கிறது. பெற்றோர் பதிவில்லாத நாயை நிபுணர் நேரில் பார்த்து, இனத்துக்குரிய அடையாளங்கள் பொருந்தினால் பதிவு செய்யும் வழியும் வைத்திருக்கிறது. சான்றிதழில் பெற்றோர் விவரம் இருக்காது. வம்சாவளி அந்த நாயிலிருந்து புதிதாகத் தொடங்கும். நாட்டு இனங்களுக்கு இது நல்ல கதவு. ஆனால் அண்ணா நகர் வரை வர முடியாத, ஆங்கில விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்கும் ராஜபாளையம், கோவில்பட்டி வளர்ப்பவருக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவது வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். எந்த வம்சத்தில் வருகிறது என்பது எழுதி வைக்கப்பட்டால் மட்டுமே அதைக் குறைக்க முடியும்.

அரசும் இதை முயன்று பார்த்தது. 1980-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நாட்டு இனங்களைக் காப்பதற்காகவே வந்தது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றிப் புகார்கள் கிளம்பி, 2016-ல் அதை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. விதி போடுபவர் விதியைக் கடைப்பிடிக்காவிட்டால் மொட்டை மாடிக்காரரிடம் என்ன எதிர்பார்ப்பது?

தடைப் பட்டியலா, பதிவேடா?

2024-ல் இரண்டு பட்டியல்கள் வந்தன. மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் கொடுக்காதீர்கள் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்டது என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், சௌ சௌ என 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. இந்தத் தட்பவெப்பத்தை அவை தாங்காது என்பது காரணம். கே.சி.ஐ. எதிர்த்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வைத்து வதைக்கக் கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எந்தப் பட்டியலும் வேலை செய்ய வேண்டுமென்றால் ‘இது இன்ன இனம்’ என்று நிரூபிக்கும் பதிவு வேண்டும். பதிவில்லாத இடத்தில் தடை போட்டால் என்ன நடக்கும்? பதிவு செய்து ஒழுங்காக வளர்ப்பவர் நிறுத்துவார். கணக்கில் இல்லாதவர் ‘ஹஸ்கி கிராஸ்’ என்று எழுதி அதே குட்டியை அதே விலைக்கு விற்பார். தடைப் பட்டியல் தலைப்புச் செய்தி ஆகும். பதிவேடு ஆகாது. அதனால்தானோ என்னவோ, இரண்டாவதில் யாருக்கும் ஆர்வமில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. மாநில விலங்குகள் நல வாரியம் தன்னிடம் பதிவு பெற்ற பிரீடர்களின் பட்டியலை ஊர் வாரியாக, மொபைலில் தேடும்படி தமிழில் வெளியிடலாம். விளம்பரத்தில் அந்தப் பதிவு எண் இல்லாவிட்டால் சட்டவிரோத விற்பனை என்று ஆக்கலாம். ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் ரெரா எண் போடச் சொல்லி, இப்போது போடத்தானே செய்கிறார்கள். கே.சி.ஐ. புதிய ஈற்றைப் பதிவு செய்யும்போது பிரீடரின் வாரியப் பதிவு எண்ணைக் கேட்கலாம்; இரண்டு பதிவேடும் ஒன்றையொன்று சரிபார்க்கும். மாநகராட்சியும் ஊராட்சியும் உரிமம் கொடுக்கும்போது சிப் எண்ணைக் கேட்டால், அந்த 15 இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பொழிச்சலூர் வீட்டுக் குட்டியிலிருந்து அதன் தாய் வரைக்கும் போய்விடலாம்.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது இரண்டு வழி. ஒன்று, குட்டி பிறந்த இடத்துக்கே போய், தாயை நேரில் பார்த்து, வாரியப் பதிவு, கே.சி.ஐ. பதிவு, சிப், ரசீது எல்லாம் சரியாக இருந்தால் முழு விலை கொடுத்து வாங்குவது. ‘தாய் ஊர்ல இருக்கு, குட்டியை மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கொண்டுவர்றோம்’ என்றால் நடையைக் கட்டுவது. இன்னொன்று, பேப்பரே தேவைப்படாத நாய். தெருவிலிருந்து மீட்கப்பட்ட குட்டிகளைக் கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் தத்துக் கொடுக்கின்றன. வீட்டில் சும்மா வளர்க்கத்தானே, ஷோவுக்கா அனுப்பப் போறோம் என்று கேட்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாய் கிடைக்காது. இந்த வெயிலும் அதற்குப் பழக்கம். அதற்கும் தடுப்பூசி அட்டையும் உரிமமும் வேண்டும். கருத்தடை அறுவையையும் முடித்துவிட வேண்டும்.